அத்தையின் கோலம் ஏன் சுருங்கியது?

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் என் மாமியார் போடும் கோலத்தைப் பார்க்காமல் யாரும் தாண்டிப் போக மாட்டார்கள். பதினைந்து புள்ளி, பதினேழு புள்ளி என்று வாசலை அடைத்துப் போட்டு, நடுவில் சாணி உருண்டையில் பூசணிப்பூவைச் செருகி வைப்பார். 2022ஆம் வருஷ மார்கழியில் ஒரு நாள் விடிகாலை நான் கதவைத் திறந்து பார்த்தபோது அதே பதினைந்து புள்ளிக் கோலம்தான் இருந்தது. ஆனால் முறத்தின் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. முதல் வரிசையில் இடைவெளி சரியாக இருந்தது. போகப் போகப் புள்ளிகள் நெருங்கி, கடைசி வரிசையில் ஒன்றோடொன்று ஒட்டியே போயிருந்தன.

"என்னத்தை, மாவை மிச்சம் பிடிக்கிறீங்களா?" என்று கேலி செய்தேன்.

"பெருசாத்தான் தாயி வைக்கிறேன். கை கேட்க மாட்டேங்குது" என்றார்.

அந்தப் பதிலை நான் அன்று காதில் போட்டுக்கொள்ளவில்லை. நோயாளியே தன் வாயால் நோயைச் சொல்லியும் எனக்குப் புரியவில்லை. என்னைப் போல் இன்னொரு வீட்டிலும் நடந்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்பு வரை படித்த குடும்பப் பெண். வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. வீட்டில் பார்த்ததையும், டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் தேனி மாவட்டத்தில் தேவாரத்துக்குப் பக்கத்திலுள்ள பொட்டிப்புரம். நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வரப்போகிறது என்று பத்திரிகைகளில் அடிபட்டதே, அதே ஊர்தான். மேற்கே பார்த்தால் மலை. அந்த மலைக்கு மேல் ஏலத்தோட்டத்தில் பழம் எடுக்கப் போய், கூலி வாங்கி, என் வீட்டுக்காரரையும் இரண்டு நாத்தனார்களையும் வளர்த்தவர் அத்தை. ஏற்றத்தில் ஏறிய கால் அது. அந்தக் கால் வீட்டு வாசற்படியில் வந்து தயங்கி நிற்கும் என்று யார் நினைத்தார்கள்?

வயசு என்று நினைத்தோம்

பின்னால் யோசித்துப் பார்த்தால் அறிகுறிகள் வரிசையாக வந்திருக்கின்றன. கருவாடு சட்டியில் தீய்ந்து புகை வந்தபோதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தைக்கு வாசனை தெரியவில்லை. மலச்சிக்கல் என்று வாரம் தவறாமல் சொல்வார். தூக்கத்தில் யாரையோ விரட்டுகிற மாதிரி கையை வீசிக் கத்துவார். நடக்கும்போது இடது கை வீசும், வலது கை மடங்கியபடி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். குரல் மெலிந்துவிட்டது. முகத்தில் சிரிப்பே இல்லை.

இந்தக் கடைசி விஷயம் என்னைத்தான் சுட்டது. "உன் மாமியார் மூஞ்சியே சரியில்லையே, வீட்டுல ஏதும் சண்டையா?" என்று பக்கத்து வீட்டு மதினி கேட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முகத் தசைகள் இறுகுவதும் இந்த நோயின் குணம் என்று அப்போது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

மாசி மாதத்தில் ஒரு நாள் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் திரும்பும்போது விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. முதலில் காட்டிய இடத்தில் "வயசுக் கோளாறு, நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லிச் சத்து ஊசி போட்டார்கள். தலைசுற்றலுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் போனது. நடை இன்னும் மோசமானது. நர்ஸ் வேலை பார்க்கும் எங்கள் உறவுக்காரப் பெண்தான், "கை நடுங்கலைன்னாலும் இது பார்க்கின்சனா இருக்கலாம் அக்கா, நரம்பியல் டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொன்னாள்.

பார்க்கின்சன் என்றால் கை நடுக்கம் என்று மட்டுமே நான் கேள்விப்பட்டிருந்தேன். நடுக்கமே இல்லாமலும் இந்த நோய் வரும். வேகம் குறைவதுதான் இதில் முக்கியம்.

மதுரையில் நடந்த பரீட்சை

மதுரையில் நரம்பியல் டாக்டர் அத்தையைச் சோதித்த விதம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ரத்தம் எடு, ஸ்கேன் எடு என்றுதான் ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். அவரோ அத்தை உள்ளே நடந்து வருவதையே உற்றுப் பார்த்தார்.

கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து விரித்துத் தட்டச் சொன்னார். முதல் நாலைந்து தட்டு பெரிதாக இருந்தது. அப்புறம் சுருங்கிக்கொண்டே போனது. எனக்குச் சட்டென்று அந்தக் கோலம் ஞாபகத்துக்கு வந்தது. கையை மூடித் திறக்கச் சொன்னார். குதிகாலை ஊன்றிக்கொண்டு முன்பாதத்தால் தரையைத் தட்டச் சொன்னார். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். நடந்து போய்த் திரும்பி வரச் சொன்னார். முழங்கையை மடக்கி நீட்டி இறுக்கம் பார்த்தார். கடைசியில் பின்னால் நின்று, விழுந்தால் பிடித்துக்கொள்ளத் தயாராக, தோளைப் பிடித்துச் சட்டென்று இழுத்துப் பார்த்தார். "இதை மட்டும் வீட்டில் செய்து பார்க்காதீங்க" என்று என்னை எச்சரித்தார்.

அத்தைக்கு எழுதத் தெரியாது. ஆகவே பேனாவைக் கொடுத்து, "நீங்க போடற கோலத்தை இந்தத் தாளில் போடுங்க" என்றார். சுழி சுழியாகப் போடப் போட அது சிறுத்துப் போனது. எழுதத் தெரிந்தவர்களுக்கு எழுத்து சிறுத்துப் போகும், இவருக்குக் கோலம் சிறுத்துப் போனது, இரண்டும் ஒன்றுதான் என்று விளக்கினார்.

தலைசுற்றல் மாத்திரைச் சீட்டைக் காட்டினேன். வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளே இந்த நோயைப் போன்ற அறிகுறிகளை உண்டாக்கும், இருப்பதை அதிகமாகவும் காட்டும் என்று சொல்லி முதலில் அதை நிறுத்தினார். ஆகவே சகோதரிகளே, எந்த டாக்டரிடம் போனாலும் இதற்கு முன் சாப்பிட்ட மாத்திரைச் சீட்டுகளைக் கையோடு எடுத்துப் போங்கள்.

"முடியலையா, விடறதில்லையா?"

அதன் பிறகு டாக்டர் என்னிடம் திரும்பினார். "அவங்களே புடவை கட்டிக்கிறாங்களா?"

"இல்லை டாக்டர், நான்தான் கட்டி விடுறேன்."

"சோறு பிசைஞ்சு சாப்பிடறாங்களா?"

"நான்தான் பிசைஞ்சு கொடுக்கிறேன்."

"குளிக்கிறது?"

"நான்தான்."

பெருமையாகத்தான் சொன்னேன். மாமியாரை எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் மெச்சுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, அவங்களால முடியலையா, இல்லே நீங்க விடறதில்லையா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. காலையில் சமையல், மாடு, இவருக்குச் சாப்பாடு கட்டுவது என்று ஓடும்போது, அத்தை ஜாக்கெட் ஊக்கு மாட்டும் வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. நானே மாட்டிவிட்டு ஓடுவேன். நான் அன்பு என்று நினைத்ததில் பாதி அவசரம்.

டாக்டர் எடுத்துச் சொன்னார். வீட்டு வேலைகளில் நோயாளியின் நிலையை 0 முதல் 4 வரை எண் போட்டுப் பார்ப்பார்களாம். உடுத்துவதையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் சிரமமும் இல்லை என்றால் 0. மெதுவாக, ஆனால் தானே செய்தால் 1. ஊக்கு, வளையல் போன்ற சிலவற்றுக்கு மட்டும் கை கொடுக்க வேண்டியிருந்தால் 2. பல இடத்தில் உதவி வேண்டும் என்றால் 3. பெரும்பாலும் அல்லது முழுவதும் மற்றவரே செய்ய வேண்டியிருந்தால் 4.

என் பேச்சைக் கேட்டால் அத்தைக்கு 4. ஒரு வாரம் விட்டுப் பார்த்து வந்து சொன்னபோது 2தான். புடவையைத் தானே சுற்றிக்கொண்டார். கொசுவத்தைத் தானே செருகிக்கொண்டார். ஊக்கு மட்டும் மாட்ட முடியவில்லை. இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. நான் சொன்ன 4ஐ நம்பி மாத்திரையின் அளவை ஏற்றியிருந்தால், தேவைக்கு மீறிய மருந்தால் உடம்பு தானாக நெளிவது, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது போன்ற தொல்லைகள் வந்திருக்கலாம். அது மட்டுமல்ல, செய்யாமல் விட்ட வேலையைக் கை மறந்தும் போகும்.

இந்த அளவுகோல்கள் எங்கிருந்து வந்தன?

1817இல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற டாக்டர் இந்த நோயை விவரித்து ஒரு சிறு நூல் எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதால் இது வருகிறது. உடம்பின் அசைவு தடையில்லாமல் நடக்க டோபமைன் வேண்டும். அறிகுறி கண்ணுக்குத் தெரியும்போது அந்தச் செல்களில் பாதியளவு போயிருக்கும் என்கிறார்கள்.

1967இல் மார்கரெட் ஹோயன் என்ற பெண் டாக்டரும் மெல்வின் யார் என்பவரும் நோயை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பாதித்தால் முதல் படி. இரண்டு பக்கமும் பாதித்து, நிலை தடுமாறாமல் இருந்தால் இரண்டாவது. தடுமாற்றம் வந்தும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டால் மூன்றாவது. மிகவும் முடியாமல் போனாலும் நிற்கவோ நடக்கவோ முடிந்தால் நான்காவது. பிறர் துணையில்லாமல் படுக்கையையோ சக்கர நாற்காலியையோ விட்டு எழ முடியாவிட்டால் ஐந்தாவது. அத்தை மூன்றாவது படியில் இருந்தார்.

படி ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொருவர் வீட்டுப் பாடும் வேறு வேறு அல்லவா? அதற்காக 1987இல் ஒரு விரிவான அளவுகோல் வந்தது. 2008இல் அதைத் திருத்தி வெளியிட்டார்கள். அதன் இரண்டாம் பகுதியை நோயாளியோ கூட இருப்பவரோ நிரப்பலாம். போன ஒரு வாரம் எப்படி இருந்தது என்று 13 கேள்விகள். பேச்சு, எச்சில் வடிவது, மெல்லுவதும் விழுங்குவதும், கையால் உணவை எடுத்துச் சாப்பிடுவது, உடுத்துவது, குளிப்பது பல் தேய்ப்பது, எழுத்து, பிடித்த பொழுதுபோக்கு, படுக்கையில் புரளுவது, நடுக்கம், எழுந்திருப்பது, நடை, கால் ஒட்டிக்கொள்வது. ஒவ்வொன்றுக்கும் 4 வரை எண் போட்டால் மொத்தம் 52. எண் குறைவாக இருந்தால் நல்லது. மதிப்பெண் அதிகம் வாங்கி யாரும் சந்தோஷப்படாத பரீட்சை இது ஒன்றுதான்!

டாக்டர் முன்னால் நன்றாக நடந்தார்!

மாத்திரை ஆரம்பித்த பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. வீட்டில் பிற்பகலில் சுவரைப் பிடித்து நகரும் அத்தை, மதுரையில் டாக்டர் முன்னால் விறுவிறு என்று நடந்தார். "நல்லா இருக்காங்களே" என்று டாக்டர் சொல்ல, நான் பொய் சொன்னவள் மாதிரி நின்றேன்.

காரணம் இதுதான். லெவோடோபா கலந்த மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் நோயாளி நன்றாக இருப்பார். அதன் வேகம் இறங்கியதும் கால் கட்டிப் போட்டது போலாகிவிடும். காலை மாத்திரை வேலை செய்த நேரத்தில் நாங்கள் டாக்டர் அறையில் இருந்தோம். அவர் பார்த்தது அந்த ஐந்து நிமிஷத்தை. மீதிப் பொழுதைப் பார்ப்பவள் நான்.

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை மணிக்கு ஒரு கோடு. மாத்திரை எப்போது, சாப்பாடு எப்போது, என்ன சாப்பாடு, நடை எப்படி என்று நாலு கட்டம். நன்றாக நடந்தால் 'ந', மெதுவாக இருந்தால் 'மெ', கால் ஒட்டிக்கொண்டால் 'ஒ', விழுந்தால் 'வி'. பத்து நாள் எழுதியதும் பார்த்தால், முட்டையோ மொச்சைக் குழம்போ வைத்த நாட்களில் மத்தியானம் இரண்டரையிலிருந்து நாலரை வரை வரிசையாக 'ஒ', 'ஒ' என்று இருந்தது.

டாக்டர் நோட்டைப் பார்த்ததும், "மத்தியான மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுக்கறீங்களா?" என்றார். ஆமாம், மறக்காமல் இருக்கச் சோற்றோடுதான் கொடுத்து வந்தேன். முட்டை, பருப்பு, பால், கறி இவற்றிலுள்ள புரதம் அந்த மருந்து உடம்பில் சேருவதைத் தடுக்கக் கூடும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பாகக் கொடுக்கச் சொன்னார். இரும்புச்சத்து மாத்திரையையும் இதனோடு சேர்த்துக் கொடுக்காமல் நேரம் தள்ளிக் கொடுக்கச் சொன்னார். புரதமே வேண்டாம் என்று நிறுத்திவிடக் கூடாது, உடம்பு இளைத்துவிடும். மருந்தைக் கூட்டாமலே, மத்தியானத்து 'ஒ'க்கள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன. நாற்பது பக்க நோட்டு செய்த வைத்தியம் இது!

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியவை

நோய் இருக்கிறதா என்று முடிவு கட்ட அல்ல, டாக்டரிடம் சரியாகச் சொல்வதற்காகவே இவை. வாரம் ஒரு முறை, அதே நேரத்தில், மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று குறித்துக்கொண்டு பாருங்கள். பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும்.

1. கைப்பிடியைப் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா? எத்தனை தடவை முயற்சி?

2. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி? வயதானவர்களுக்கு 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் உண்டு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். மூன்று மீட்டரை அளந்து சுண்ணாம்பில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

3. திரும்பும்போது எத்தனை அடி வைக்கிறார்? இரண்டு மூன்று அடியில் திரும்பியவர் ஏழெட்டு சின்ன அடி வைத்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

4. நிலைப்படி, குறுகிய இடம், திரும்பும் இடம் இவற்றில் கால் ஒட்டுகிறதா?

5. இரவில் தானே புரண்டு படுக்கிறாரா?

6. ஜாக்கெட் ஊக்கு, பல் தேய்ப்பது, சோறு பிசைவது இவற்றுக்கு எவ்வளவு நேரம்? எந்த இடத்தில் உதவி வேண்டியிருக்கிறது?

7. தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறுகிறதா? இது அடிக்கடி நடந்தால் அடுத்த முறைக்குக் காத்திராமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

8. படுத்து எழுந்து நின்றதும் தலை சுற்றுகிறதா?

நாங்கள் செய்துகொண்ட மாற்றங்கள்

ஊக்குக்குப் பதில் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்து ஜாக்கெட்டைத் தைத்துக் கொடுத்தேன். இப்போது அத்தையே போட்டுக்கொள்கிறார். முன்பு 4, பிறகு 2, இன்று 1.

கால் ஒட்டும் நிலைப்படிக்கு முன்னால் ஓரடிக்கு ஒன்றாகக் குறுக்கே நாலு காவிப் பட்டை அடித்தேன். பிசியோதெரபி பெண் சொல்லிக் கொடுத்த யோசனை. கோட்டைத் தாண்டு என்று கண் சொன்னால், நின்றுபோன கால் கிளம்பிவிடுகிறது. கோடு இல்லாத இடத்தில் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக்கொண்டு நடக்கிறார். பின்னாலிருந்து "சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள்; அவசரப்படுத்தினால் இன்னும் ஒட்டிக்கொள்ளும். நின்ற இடத்திலேயே சுழலாமல், மாடு வண்டியோடு வளைவது போல் வளைந்து திரும்பப் பழக்கினோம்.

எங்கள் பக்கத்தில் பூனைக்காலி விதையைப் பொடி செய்து சாப்பிடச் சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்த விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து 1937இல் சென்னையிலிருந்து தாமோதரன், ராமசாமி என்ற இருவர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் அளவு மீறிவிடும். டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

2016ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்க்கின்சன் நோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நிலைமைக்குத் தக்கபடி அரசு மருத்துவமனையில் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதும் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

இந்த நோயை அடியோடு தீர்க்க மருந்து இல்லை. அத்தைக்கும் அது தெரியும். ஒரு நாள் ராத்திரி, "நான் படுக்கையில விழுந்துட்டா உனக்குத்தான் தாயி கஷ்டம்" என்றார். "அதுக்குள்ள நீங்க செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கு, பேசாம தூங்குங்க" என்றேன். சொன்னேனே தவிர, அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன மார்கழியில் நான் வாசல் தெளித்துவிட்டு, சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பெரிய சதுரம் வரைந்து, உள்ளே கட்டம் கட்டிக் கொடுத்தேன். கோட்டைப் பார்த்துப் பார்த்து, சுவர் ஓரமாகப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்து, அத்தை ஏழு புள்ளிக் கோலம் போட்டார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, மாடு கத்தியது. மாவுக் கிண்ணத்தை வாங்கி நானே முடித்துவிடலாம் என்று இரண்டு தடவை கை போனது. போகவிடாமல் நின்றேன்.

அன்று நோட்டில் 'கோலம்: ஏழு புள்ளி, 45 நிமிஷம், உதவி இல்லை' என்று எழுதி வைத்தேன்.